காற்று மாறினாலும் வால்வு திறக்காது

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு குரல் செய்தியைப் போட்டிருந்தார். யாரோ ஒரு மனிதர் தேன் ஒழுகப் பேசுகிறார். "குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறா? கவலையே வேண்டாம். சுத்தமான காற்று உள்ள ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் வையுங்கள். இதயம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், பூக்கள், "அருமையான தகவல்" என்று பாராட்டு வேறு. எனக்கு வந்ததே கோபம்! ரிட்டயர் ஆன பிறகாவது கோபத்தைக் குறை என்று என் வீட்டுக்காரர் நாள் தவறாமல் சொல்கிறார். குறைத்துக்கொண்டுதான் இருந்தேன், இந்தச் செய்தி வரும்வரை. பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது குழுவுக்குள் அடங்காமல் இப்படிக் கட்டுரையாகிவிட்டது.

நான் நர்ஸ் வேலை பார்த்தவள். மதுரையில் படித்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல விடுதிச் சாம்பாரைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. முதல் போஸ்டிங் சிவகாசிப் பக்கம், தீக்காய வார்டில். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் இரண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்காது. பிறகு விருதுநகருக்கு வந்து குழந்தைகள் வார்டில் வேரூன்றினேன். கடைசி வருஷங்களில் வார்டு வேலையோடு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஜீப்பில் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் குழுவிலும் இருந்தேன். அந்தக் குழுவுக்குத் தலைவர் குழந்தை டாக்டர் சண்முகவேல்.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மனிதர் அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். எங்கள் ஊர் வெயிலில் மின்விசிறியை நிறுத்துவது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடும். "இந்தச் சத்தத்துக்குள்ள நான் எதைக் கேக்குறது?" என்பார், அவ்வளவுதான். பெஞ்சில் உட்காராமல் பிள்ளையின் உயரத்துக்குத் தரையில் குத்தவைத்து உட்காருவார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார், பிள்ளைக்குச் சில்லென்று பட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுமாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நெஞ்சின் வலது மேல், இடது மேல், கீழே, ஓரத்தில். ஒவ்வொரு இடத்திலும் அவசரமே இல்லாமல் நிற்பார். வெளியே வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கூச்சல் போட்டால் நான்தான் போய் அதட்டவேண்டும். அதட்டுவதில் எனக்குக் கைராசி உண்டு.

எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பவித்ராவைப் பார்த்தது அப்படித்தான். மூன்றாம் வகுப்பு. எலும்பும் தோலுமாக எல்லாம் இல்லை, பார்க்க நன்றாகவே இருந்தாள். டாக்டர் இடது பக்கம் மேலே வைத்துக் கேட்டவர், வட்டை எடுக்கவே இல்லை. மூச்சை விடச் சொன்னார், பிடிக்கச் சொன்னார். பிறகு கையை அங்கே பதித்து வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். பூனையைத் தடவினால் உள்ளே உறுமுமே, அப்படி ஒரு அதிர்வு.

வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளை எப்படி?" என்று கேட்டார்.

"தங்கமான பிள்ளை சார். சேட்டையே கிடையாது. வெளாட்டு பீரியட்ல கூட ஒரு மூலையில உக்காந்து மத்த பிள்ளைகளோட செருப்பைக் காவல் காத்துக்கிட்டு இருக்கும்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சில, ஓட முடியாததால் உட்கார்ந்திருப்பவை. முடியவில்லை என்று அதுகளுக்குச் சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதால், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படிக்கிற தாய்மார்கள் எல்லாரும் நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். இதயத்தில் கூடுதலாக ஒரு சத்தம் கேட்டால் எல்லாமே ஆபத்து இல்லை. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கும் ஒருவரின் மகனுக்கும் பவித்ராவைப் போலவே இதய வால்வில் சுருக்கம் இருந்தது, ஆனால் லேசாக. அவனைக் காரில் கொண்டுபோய் விட்டு, காரில் கூட்டிவந்து, சைக்கிளைப் பூட்டி வைத்து, பிள்ளையைப் பொம்மையாக்கி வைத்திருந்தார்கள். "சார், இவன் தும்முனாக்கூட எங்க வீட்ல எல்லாருக்கும் நெஞ்சை அடைக்குது" என்றார் அப்பா. டாக்டர், "வருஷத்துக்கு ஒருதடவை எக்கோ ஸ்கேன் பாருங்க. மத்தபடி சைக்கிள் சாவியைக் குடுத்துடுங்க. வால்வு அவனைக் கட்டிப்போடல, நீங்கதான் கட்டிப்போட்டிருக்கீங்க" என்றார். மண்டிக்காரர் முகம் அவர் கடை வத்தல் மாதிரி சிவந்துவிட்டது. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார்.

பவித்ராவின் கதை அப்படி லேசானது இல்லை. அவளுடைய அப்பா கருப்பசாமி, அம்மா மாரீஸ்வரி இரண்டு பேரும் பட்டாசு ஆலைத் தொழிலாளிகள். வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்தில் வைத்தே டாக்டர் பேசினார். பெற்றோரிடம் அவர் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பயப்பட வேண்டியது இருக்கு, அழவேண்டியது இல்ல." பிறகு விவரம் சொன்னார். பிறவியிலேயே வால்வு சுருங்கியிருக்கிறது, மதுரையில் எக்கோ எடுக்கவேண்டும், அநேகமாக பலூன் வைத்துத் திறக்கவேண்டி வரும், அரசு காப்பீட்டில் செலவில்லாமல் செய்யலாம். கருப்பசாமி தலையாட்டினார். மாரீஸ்வரி தலையைக் குனிந்தபடியே இருந்தாள். மதுரைக்கு நாள் குறித்துக் கொடுத்தோம்.

அந்த நாளில் அவர்கள் போகவில்லை. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்திருக்கும், லீவு கிடைத்திருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டு வேறு நாள் வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் போகவில்லை. மூக்குக்கு மேல் கோபத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மாரீஸ்வரி மட்டும் இருந்தாள். "வாங்க சிஸ்டர், உக்காருங்க, கலர் குடிக்கீகளா?" என்றாள்.

"கலர் இருக்கட்டும். பிள்ளை எங்க?"

"அவ இங்கன இல்ல சிஸ்டர். ஆலங்குளத்துல எங்க அக்கா வீட்ல விட்டுருக்கோம். அங்கனயே ஸ்கூல்ல சேத்தாச்சு."

"எதுக்கு?"

"இங்கன இருந்தா இந்தத் தூசிதானே. அக்கம் பக்கத்துல எல்லாரும் சொன்னாக, காத்து மாத்துனா சரியாயிரும்னு. நெசமாவே தேறிட்டா சிஸ்டர். இப்பம் மூச்சு வாங்குறதே இல்லயாம். ஒரு சுத்து சதை கூட வச்சிருக்கா. அக்கா போன்ல சொன்னா."

ஆலங்குளம் சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. பட்டாசுத் தூசிக்குப் பயந்து பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்! "ஏம்மா, அங்க மட்டும் என்ன ஊட்டிக் காத்தா அடிக்குது?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. டாக்டர் "பிறவியிலேயே" என்று சொன்னாரே, அந்த ஒரு சொல் அவளை அறுத்துப் போட்டிருக்கிறது. பவித்ரா வயிற்றில் இருந்தபோது அவள் மருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதாவது பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்தை நிரப்பும் வேலை. மாமியார் அன்று ராத்திரியே சொல்லிவிட்டாராம்: "வயித்துல வச்சுக்கிட்டு மருந்துலயே கெடந்தேல்ல, இப்பம் அனுபவி." தெருவும் சேர்ந்துகொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"என் கைத் தூசிதான் சிஸ்டர் அவ நெஞ்சுல போயி அடைச்சிருக்கு. நான் பக்கத்துல இல்லாட்டித்தான் அவ பொளைப்பா" என்றாள்.

பிள்ளையைப் பெற்றவள், பிள்ளை பிழைக்கட்டும் என்று பிள்ளையைப் பிரிந்து இருக்கிறாள். பிரிந்திருப்பதாலேயே பிள்ளைக்கு வைத்தியம் நடக்காமல் இருக்கிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நான் அந்த இடத்துல இன்னும் ஒரு வாக்கியம் சேத்துச் சொல்லிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே மாரீஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஆலங்குளம் போனோம். வழியெல்லாம் லாரி. ஜீப் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்ததை மாரீஸ்வரி பார்த்துக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பவித்ராவின் பெரியம்மா வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க டாக்டர், புள்ளை எம்புட்டு நல்லா இருக்கா! இளைப்பு கிளைப்பு ஒண்ணும் கிடையாது."

டாக்டர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளையிடம் பேச ஆரம்பித்தார். "பாப்பா, இங்க ஸ்கூல் எவ்வளவு தூரம்?"

"எதுத்த வீடுதான் ஸ்கூல்."

"வெளாடுவியா?"

"பெரியம்மா விடமாட்டாக. டிவி பாப்பேன். படம் வரைவேன்."

"கடைக்குப் போவியா?"

"அண்ணன்தான் போவான்."

"மாடிக்கு?"

"இந்த வீட்ல மாடி இல்ல."

டாக்டர் நிமிர்ந்து மாரீஸ்வரியைப் பார்த்தார். "இவளுக்கு மூச்சு வாங்கலைன்னா அதுக்குக் காரணம் காத்து இல்லம்மா. மூச்சு வாங்குற மாதிரி ஒரு வேலையும் இவ இங்க செய்யலை. புதுப்பட்டியில ஸ்கூலுக்கு நடந்தா, இங்க நடக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

மாரீஸ்வரிக்குப் பாதி புரிந்தது போல இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் காதில் மாட்டினார். வட்டை முதலில் பக்கத்தில் நின்ற பெரியம்மா மகன் நெஞ்சில் வைத்தார். "என்ன கேக்குது?"

"லப்பு டப்புன்னு அடிக்குது."

பிறகு பவித்ராவின் நெஞ்சில். மாரீஸ்வரி முகம் மாறியது. "நடுவுல புஸ்வாணம் சீறுற மாதிரி ஸ்ஸுன்னு கேக்குதே டாக்டர்!"

"ரத்தம் நெருக்கியடிச்சுப் போற சத்தம் அது. உங்க கம்பெனியில மருந்து ரூம் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"வெளிப்பக்கந்தான். லேசாத் தள்ளுனாலே தொறக்கணும். முன்னால ஒரு சாக்கு கூட வைக்க விடமாட்டாக."

"இதயத்துலருந்து நுரையீரலுக்கு ரத்தம் போற வாசல்ல அதே மாதிரி ஒரு கதவு இருக்கு. மெல்லிசா மூணு இதழ். இவளுக்கு அந்த இதழுக ஓரத்துல ஒட்டியே உருவாகியிருக்கு. கதவு முழுசாத் தொறக்கலை. இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் முட்டித் தள்ளுது. தள்ளித் தள்ளி அதோட தசை தடிச்சுக்கிட்டே போகுது. ஒருநாள் ஓடும்போது மயங்கி விழுவா. இல்லாட்டி இதயம் ஓய்ஞ்சுபோகும். கதவு ஒட்டியிருக்கும்போது ரூமுக்கு வெளிய காத்து எம்புட்டு நல்லா இருந்து என்ன பிரயோசனம்?"

மாரீஸ்வரி பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவளுக்குத் திறக்காத கதவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு மெதுவாக, "என் கைத் தூசி உள்ள போயித்தான ஒட்டிருச்சு?" என்று கேட்டாள்.

டாக்டர் அன்று சேர்க்காமல் விட்ட வாக்கியத்தை அப்போது சொன்னார். "இல்லம்மா. வால்வு உருவாகுறது கருவோட ஆரம்ப வாரங்கள்ல. நீங்க உண்டாகியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கிற நேரம் அது. ஏன் ஒட்டுதுன்னு கேட்டா, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் சொல்ல முடியாது. வேலையே செய்யாத வீட்லயும் இப்படிப் பிறக்குது, டாக்டர் வீட்லயும் பிறக்குது. தூசி நல்லதுன்னு நான் சொல்லல. அது நுரையீரலுக்குக் கெடுதல்தான். ஆனா இந்த வால்வைத் தூசி ஒட்டவைக்கல. உங்க கையும் ஒட்டவைக்கல."

அவள் அப்படியே பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பெரியம்மாதான் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "அப்பம் எப்ப மதுரைக்குப் போகணும், அதைச் சொல்லுங்க" என்றார். கெட்டிக்காரி!

மதுரையில் எக்கோ பார்த்ததும் நாள் கடத்தாமல் சேர்த்துக்கொண்டார்கள். சுருக்கம் கடுமையாகத்தான் இருந்தது. பலூன் வைக்கும் அன்று நானும் போனேன். லீவு போட்டுக்கொண்டு போனேன், யாரும் அனுப்பவில்லை. இதய டாக்டர் சின்னப் பெண்தான், கலகலவென்று இருந்தார். "வாங்க சிஸ்டர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நெஞ்சை அறுக்கவில்லை. பவித்ராவை மயக்கத்தில் ஆழ்த்தி, தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி ஒன்றை ஏற்றினார்கள். திரையில் அது இதயத்துக்குள் நெளிந்து போவது தெரிந்தது. வால்வைத் தாண்டிக் கம்பியை நிறுத்தி, அதன் மேல் சுருட்டிய பலூனை நகர்த்தி, சரியாக வால்வின் நடுவில் வைத்தார் டாக்டர். வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கொஞ்சம் பின்னால் இழுத்தார். திரும்பவும் பார்த்தார். பிறகுதான் ஊதச் சொன்னார்.

பலூன் இரண்டு பக்கமும் புடைத்தது. நடுவில் மட்டும் புடைக்கவில்லை, இடுப்பு மாதிரி ஒடுங்கி நின்றது. அந்த ஒடுக்கம்தான் ஒட்டிய வால்வு. பலூன் ஊதியிருக்கும்போது அந்த வழியாக ரத்தமே போகாது. மானிட்டரில் துடிப்பு தளர்ந்தது. எத்தனையோ உயிர் போவதையும் வருவதையும் பார்த்தவள் நான், அன்று "முருகா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார்கள். திரையில் அந்த இடுப்பு சட்டென்று காணாமல் போனது. பலூன் நேராக, முழுசாக நின்றது. உடனே காற்றை இழுப்பது போலப் பலூனை ஒடுக்கி வெளியே எடுத்தார்கள். துடிப்பு பழையபடி ஏறியது. அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, டாக்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்பாடா! எனக்கு உயிரே வந்தது.

வெளியே ஓடிவந்து, "தொறந்துருச்சு" என்றேன். மாரீஸ்வரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து தூணில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்த கருப்பசாமி, அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், சத்தம் போட்டு அழுதார். காவலாளி வந்து என்ன என்று கேட்டார். "நல்ல செய்திதான்யா, அழ விடு" என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர்கள் சொன்னது இவ்வளவுதான்: வால்வில் லேசான கசிவு இருக்கும், பயமில்லை. வருஷா வருஷம் எக்கோ கட்டாயம். கொஞ்ச நாள் பொறுத்து ஓடலாம், ஆடலாம். பவித்ரா புதுப்பட்டிக்கே திரும்பினாள்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. மாரீஸ்வரி. பின்னால் ஆட்டோ சத்தம். "சிஸ்டர், பாப்பா ஸ்கூல்ல விளுந்துட்டா. கம்பெனி கேட்டுக்கு ஆள் வந்து சொன்னாக, அப்பிடியே தூக்கிக்கிட்டு வாறேன். டாக்டர் இருக்காகளா?" அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "மயங்கி விழுந்தாளா, தடுக்கி விழுந்தாளா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். படுக்கையைத் தயார் செய்தேன். ஈசிஜி மிஷினை இழுத்து வைத்தேன். ஆக்சிஜனைத் திறந்து பார்த்தேன். 

ஆட்டோ வந்து நின்றதும் மாரீஸ்வரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வேலைச் சேலை, முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர். பிள்ளையின் சட்டையிலும் கன்னத்திலும் எல்லாம் வெள்ளியாக அப்பியிருந்தது. படுக்கவைத்தோம். டாக்டர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். அவர் கண்ணைத் திறந்து, "பாப்பா, எப்படி விழுந்த?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் விளல" என்றாள் பவித்ரா, ஆத்திரமாக. "மாரிச்சாமி தள்ளிவிட்டுட்டான்."

"எதுக்குத் தள்ளுனான்?"

"ஓட்டப்பந்தயத்துல நான் அவனுக்கு முன்னால போயிட்டேன். அது பொறுக்கல அவனுக்கு."

அப்போதுதான் பார்த்தோம். இரண்டு முழங்காலும் சிராய்த்து, மண்ணும் ரத்தமுமாக இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாரீஸ்வரி மட்டும் சிரிக்காமல், பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நீயாடி முன்னால போன?" என்றாள். "எம்புட்டு முன்னால?"

பவித்ரா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதற்கு மேல் விரிய அவள் கையில் இடம் இல்லை.

நான் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து முழங்காலைக் கழுவினேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டே கழுவினேன். மருந்து போட்டுக் கட்டுத்துணியைச் சுற்றும்போது பவித்ரா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரொம்ப இறுக்கிக் கட்டாதீக சிஸ்டர். நாளைக்கு மறுபடி ஓட விடுறேன்னு எங்க பி.டி. சார் சொல்லிருக்காக."